பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

கோரைப்புல்லை வெட்டினால் செத்துப்போகும் என்று ஐம்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். அறுபதில் பணி ஓய்வு பெற்றவன் ஐம்பத்தெட்டில் எப்படித் திருந்தினான் என்று கேட்காதீர்கள். வயதைக் குறைத்துச் சொல்வதும் என் முட்டாள்தனங்களில் ஒன்று. ஓய்வு பெற்ற மறுவாரமே புது மண்வெட்டி வாங்கி, கருவடிக்குப்பத்துத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த துண்டு நிலத்தின் ஓரமாக முளைத்திருந்த கோரையையெல்லாம் கொத்தித் தள்ளினேன். வேர்க்க விறுவிறுக்க இரண்டு மணி நேரம். மண்ணுக்கடியில் கோரைக்குக் கிழங்கு உண்டு, அதை நாலாக வெட்டிப் போட்டால் நாலும் முளைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் ஒரு கோப்பை நாலு கோப்பாக்கியே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. அடுத்த பாத்திக்காரிக்குத்தான் அதிர்ச்சி. என்னைப் பார்த்து அந்த அம்மா பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"நல்லா நட்டு வுட்டுட்டீங்க."

அந்த அம்மாவை எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காத ஒருத்தரைப் பற்றி எதற்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று என் மனைவி கேட்டாள். பிடித்தவர்களை மறந்துவிட முடிகிறது, அதுதான் சிக்கல்.

தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்குப் போய்த் தங்கிவிட்ட ஒரு குடும்பத்தின் காலிமனை அது. ஒரு கிணறு, சுற்றிலும் மதில். குடும்பத்தில் ஊரோடு இருந்துவிட்டவர் ஒரு வயதான அம்மா மட்டும். எல்லாரும் அவரை மதாம் என்போம். நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால் யாராவது கொடிக்கம்பம் நட்டுவிடுவார்கள் என்று பயந்து, அதைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, மண்ணே இல்லாத மாடிவீட்டுக்காரர்களுக்குக் காய்கறி போட்டுக்கொள்ளக் கொடுத்திருந்தார். வாடகை கிடையாது. ஆளுக்கொரு நம்பர். அங்கே யாருக்கும் பெயர் இல்லை, நம்பர்தான். "ஏழு இன்னிக்கு வரல", "மூணுக்கு மக பொறந்திருக்குது" என்றுதான் பேச்சு. நான் பதினொன்று. அந்த அம்மா பன்னிரண்டு. எங்களுக்குப் பிறகு மதில்.

இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு பாதை. இருபதடி நீளம். பாதையில் பாதி இந்தப் பக்கத்துக்காரருக்கு, பாதி அந்தப் பக்கத்துக்காரருக்கு. வருடத்துக்கு இரண்டு முறை, மழை முடிகிற சமயத்திலும் கோடை உச்சத்துக்கு முன்னாலும், மதாம் பார்வையிட வருவார். காய்த்த காயை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். பாதைகளில் நடப்பார். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் நின்று, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு, செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். ஒரு நெருஞ்சி முள் ஏறியிருந்தால் போச்சு, அந்தப் பாதையின் இரண்டு பக்கத்துத் துண்டும் வேறு ஆட்களுக்குப் போய்விடும். முள் யாருடைய பாதியில் ஏறியது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. இன்னொரு விதியும் உண்டு. பாத்தி வெறுமையாகக் கிடக்கக் கூடாது, கிடந்தால் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல், பிரசவம், சாவு மூன்றும் செல்லும். மற்றதெல்லாம் மதாமின் மனசைப் பொறுத்தது. ஒரு துண்டு காலியாகாதா என்று வெளியே ஒரு கூட்டமே காத்திருந்தது. காத்திருந்து வந்தவன்தான் நானும்.

பன்னிரண்டுக்கு வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். சேதராப்பட்டில் ஏதோ கம்பெனியில் பேக்கிங் வேலை. சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து கம்பெனிச் சீருடைப் புடவையோடு நேராகத் தோட்டம். ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கிளம்பிவிடும். நடுவில் நாற்பது நிமிடம். கையில் ஆம்பளை வாட்ச் ஒன்று கட்டியிருக்கும், அதைப் பார்க்காமல் ஒரு வேலையைத் தொடங்காது. எதற்கு இவ்வளவு அவசரம் என்று ஒரு முறை கேட்டேன்.

"ஆறு மணிக்கு ஒரு ஆளுக்கு சோறு ஊட்டணும்."

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு கொத்த ஆரம்பித்துவிட்டது. அந்த ஆள் யார், புருஷனா, பிள்ளையா, பெற்றவளா, எத்தனை வருடமாக ஊட்டுகிறது, எதுவும் எனக்குத் தெரியாது. தோட்டத்தில் யாருக்குமே தெரியாது.

அந்தக் கோரைப் பேச்சு நடந்த மறுநாளே நான் மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தேன்.

"வணக்கம்லாம் வேணாம்," என்றது.

"ஏம்மா, வணக்கம் வச்சா தப்பா?"

"இன்னிக்கு வச்சா நாளைக்கும் வெக்கணும். தெனம் வெக்கணும். ஒரு நாள் வுட்டுப்போனா, ஏன் வெக்கலன்னு ஒரு பேச்சு வரும். ஆரம்பிக்கவே வேணாம்."

அந்த அம்மாவின் மொத்தக் கொள்கையும் இதுதான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. எதைச் செய்தாலும் ஒரே தடவை செய்ய வேண்டும், பிறகு அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே தேவையில்லாதபடி செய்ய வேண்டும். மண்வெட்டிக்கு மரப்பிடி போட்டால் உளுத்துப்போகும் என்று இரும்புக் குழாயையே பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தது. தூக்கினால் என் தோள்பட்டை கழன்றுவிடும். பந்தலுக்குக் கயிறு கட்டினால் அந்த முடிச்சை அவிழ்க்க அரிவாள்தான் வேண்டும். தோட்டத்துக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம் (தொடங்கியது நான்தான், தினமும் காலையில் ஒரு ஜோக் போடுவதற்காக). பன்னிரண்டையும் சேர்த்துவிட்டேன். அதில் அது போட்டது ஒரே ஒரு செய்தி. "நான் இதெல்லாம் படிக்க மாட்டேன். கிணத்து மோட்டார் ரிப்பேர்னா நேர்ல சொல்லுங்க." போட்டுவிட்டு வெளியேறிவிட்டது. ஏழாம் நம்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனார்கள். "வர மாட்டேன். இனிமே எதுக்கும் கூப்புடாதீங்க. நானும் எதுக்கும் கூப்புட மாட்டேன்," என்று சொல்லி, வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டதாம். ஏழு அழுதுவிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்து, "அதுவும் ஒரு நிம்மதிதாங்க. பதில் மொய், அதுஇதுன்னு ஒரு தொந்தரவும் இல்ல பாருங்க," என்றாள்.

பாதை போடுவதிலும் அதே கதைதான். நாங்களெல்லாம் பாதையை மாதம் ஒரு முறை செதுக்குவோம். செதுக்கி முடித்து நிமிர்வதற்குள் ஆரம்பத்தில் முளைத்திருக்கும். பன்னிரண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நடுவில் ஒரு நூலைக் கட்டி, தன்னுடைய ஓரடிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் இருந்த கோரையைக் கொத்தவில்லை. கையை விட்டு மண்ணைத் துழாவிக் கிழங்கு கிழங்காகப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டது. பிறகு கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டேப்பையெல்லாம் உரித்து, பின்னையெல்லாம் பிடுங்கி, ஒன்றின் மேல் ஒன்று முக்கால் சாண் ஏறும்படி இரண்டு அடுக்கு பரப்பி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டது. அதற்கு மேல் காலாப்பட்டுப் பக்கத்துத் தோப்பிலிருந்து மூட்டை மூட்டையாக வாரி வந்த சவுக்குச் சருகு, நாலு விரல் கனத்துக்கு. காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும், மழை பெய்தால் சேறாகாது, நெருஞ்சி விதை விழுந்தாலும் வேர்விட மண் கிடைக்காமல் காய்ந்துபோகும்.

நான் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்," என்றேன்.

"பாத்துக்கிட்டுதான இருக்கீங்க."

அதற்குப் பிறகு இருபதடி நீளத்துக்கு ஒரு வேடிக்கை. நூலுக்கு அந்தப் பக்கம் பழுப்பு மெத்தை. இந்தப் பக்கம் என் பச்சைக் கம்பளம். கோரை என்ன செய்தது? நூலுக்கு அடியில் புகுந்து போய், அட்டையை ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு, அந்த அம்மாவின் பாதியில் தலையை நீட்டியது. நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் அதைப் பிடுங்குவதற்கே போயிற்று. பிடுங்கிய ஒவ்வொன்றையும் எடுத்து, என் மண்வெட்டியின் மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போகும். நான் காலையில் வந்து பார்ப்பேன், வாடிய கோரைகள், நுனியெல்லாம் என் பக்கம் பார்த்தபடி.

எனக்கும் ரோஷம் வந்தது. வந்த ரோஷத்தில் முதலில் ஜல்லி கொட்டினேன், முக்கால் இஞ்சு கருங்கல் ஜல்லி. அடியில் ஒன்றும் விரிக்காமல் கொட்டியதால் பாதி ஜல்லி சேற்றில் இறங்கிவிட்டது, மீதிப் பாதிக்கு நடுவில் கோரை வந்துவிட்டது, செதுக்கப் போனால் மண்வெட்டி கல்லில் பட்டுத் தீப்பொறி பறந்தது. "கல்லுக்கும் தண்ணி ஊத்துங்க, அதுவும் வளரும்," என்றது பன்னிரண்டு. அந்த அம்மா சிரிக்காமல் ஜோக் அடித்தது அதுதான் முதல் தடவை, கடைசியும் கூட. பிறகு ஜல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், ஒரு மாதம் ஆயிற்று. பிறகு ஆற்று மணல். ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் கழிப்பறை கட்டிக் கொடுத்த புண்ணியம் கிடைத்தது. பிறகு என் அலுவலக நண்பர் ஒருவர் போனில் ஒரு யோசனை சொன்னார்.

உப்பு.

உப்பைக் கொட்டினால் புல் பூண்டு எதுவும் முளைக்காது, ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும் என்றார். ஒரே தடவை என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன். பன்னிரண்டை அதன் வழியிலேயே ஜெயிப்பதாக நினைப்பு. மரக்காணத்து உப்பு ஒரு மூட்டை, கல் உப்பு. ஒரு நாள் காலையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, என் பாதியில் இருபதடிக்கும் பரப்பிவிட்டேன். வெள்ளை வெளேரென்று பார்க்க அழகாக இருந்தது. என் துண்டு மேட்டில் இருக்கிறது, பன்னிரண்டின் துண்டு அரையடி பள்ளத்தில் இருக்கிறது என்பது உப்பு வாங்கும்போது நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது.

பன்னிரண்டு அந்தப் பருவத்துக்குக் கத்தரிதான் வைத்திருந்தது, முழுத் துண்டும். இடுப்புயரம் வந்து பூ எடுக்கிற நேரம். மழை விட்ட நாலாம் நாளிலிருந்து இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. அடியிலை பழுத்து உதிர்ந்தது. பத்தாம் நாள் குச்சிகள்தான் நின்றன. என் கோரை மட்டும் ஒரு வாரம் சுணங்கிக் கிடந்துவிட்டு, உடம்பு தேறின மாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தது.

சொல்லிவிடலாமா என்று பார்த்தேன், வாய் வரவில்லை. "நோய் விழுந்திருச்சி போல, இந்த வருஷம் எல்லா எடத்துலயும் கத்தரிக்கு நோய்தானாம்," என்று ஏழாம் நம்பரிடம் பன்னிரண்டின் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கீழே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தது. துப்பியது. பாதையில் என் பாதிக்கு வந்து இன்னொரு சிட்டிகை எடுத்து வைத்தது. துப்பியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"எவ்ளோ?"

"கொஞ்சந்தான்..."

"எவ்ளோ?"

"ஒரு மூட்ட."

வாட்ச்சைப் பார்த்தது. "அஞ்சு பதினேழு. அம்பத்தஞ்சு வரைக்கும் இருக்குது." இரும்புப்பிடி மண்வெட்டியை மதிலில் சாய்த்து வைத்தது. "ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். கிணற்றுக் கட்டைச்சுவரில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு. ஏழு, நாலு, இரண்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் கொத்துவதை நிறுத்தினார்கள்.

முப்பத்தெட்டு நிமிடம் அந்த அம்மா என்னைத் திட்டியது. அதில் பாதியை அச்சில் போட முடியாது. மீதியில் எனக்கு நினைவிருப்பது இது:

"கோரையக் கொத்தி எம்பாத்திக்கு அனுப்புன. கல்லக் கொட்டி எங்கால கிழிச்ச. இப்ப உப்பு. எங்கையில இருக்கறது நாப்பது நிமிசம். பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாறது இன்னாத்துக்கு, ஒம்புல்லப் புடுங்கவா? ஒனக்கு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சும்மா இருக்க நேரம் இருக்குது. அதுல ஒரு மணி நேரம் குனிஞ்சா முடியிற வேல. குனிய மாட்ட. நின்னுக்கிட்டே எதையாவது கொட்டுவ. இந்த மண்ணு போச்சின்னா எனக்கு வேற மண்ணு எங்க இருக்குது? மாடில ரூம்பு, கீழ சிமெண்ட்டு. எங்க போயி நடுவேன்?"

நடுவில் நான் ஒரு சின்ன ஜோக் சொல்லிச் சூழ்நிலையை இளக்கப் பார்த்தேன். அது என் வியாதி. "சாம்பார்ல உப்பு போட வேணாம்னு..." என்று தொடங்கினேன்.

"சிரிக்காத. நீ சிரிக்கறதுக்கும் திட்டு இதுலயே இருக்குது."

பதினைந்து நிமிடம் போல மிச்சம் இருக்கும்போது குரலைத் தணித்தது. முடிந்தது என்று நினைத்து எழுந்தேன்.

"ஒக்காரு. இது வரைக்கும் பண்ணதுக்குத்தான் முடிஞ்சிது. இனிமேலும் எதாவது பண்ணுவ. பண்ணாம இருக்க மாட்ட. ஒவ்வொரு தடவையும் வந்து நின்னு கத்த எனக்கு நேரம் இல்ல. அதுக்கும் சேத்து இப்பவே வாங்கிக்க."

என்ன தப்பு என்றே தெரியாமல் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கினால் கோபமாவது வரும். செய்யப்போகிற குற்றத்துக்கு வாங்கும்போது மறுக்கவும் முடியவில்லை. என்னை எனக்குத் தெரியுமே. ஐந்து ஐம்பத்தைந்துக்கு நிறுத்தியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயேபோய்விட்டது. மறுநாளிலிருந்து முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னோடு போட வேண்டிய சண்டை முழுவதையும் போட்டு முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

மதாம் வர இன்னும் இருபது நாள். பன்னிரண்டின் துண்டு மொட்டை. தினமும் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றி உப்பைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. கீரை விதைத்துப் பார்த்தது, முளைத்துக் கருகியது. திரும்ப விதைத்தது, அதுவும் கருகியது. அந்த அம்மா ஒரு வேலையை இரண்டாம் தடவை செய்து நான் பார்த்தது அப்போதுதான்.

இந்த லட்சணத்தில் பாதையில் ஒரு முள் ஏறினால் இரண்டு பேருக்கும் போச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குள் நுழைகிறேன், என் முகம் தரையில் கிடக்கிறது.

அதைச் சொல்லாமல் விட்டேனே. நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்துப் பிள்ளைகள் வாசலில் எனக்கு ஒரு பேனர் வைத்தார்கள். பத்தடிக்கு ஆறடி, கை கூப்பிச் சிரிக்கிற மாதிரி, "சிரிப்பின் சிகரமே" என்று போட்டு. நான்தான் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன் என்பதை இங்கேயும் சொல்லவில்லை என்றால் வேறு எங்கே சொல்வது. மனைவி அதை வீட்டுக்குள் விட மறுத்ததால், தோட்டத்தில் என் எருக்குழிக்கு மூடியாகப் போட்டிருந்தேன். பன்னிரண்டு அதை எடுத்துக் கழுவி, இரண்டடி அகலத்தில் மூன்று பட்டையாகக் கத்தரித்து வைத்திருந்தது. அட்டையைக் குத்துகிற கோரை பேனரைக் குத்தாது. என் பாதியில் உப்பு மண்ணை நாலு அங்குலத்துக்கு வழித்து மதிலோரம் கொட்டியாகிவிட்டது, கிழங்குகள் இரண்டு வாளி நிறைய. நூலைக் காணோம். பாதை முழுவதையும், என் பாதியையும் சேர்த்து, அது ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தது. முதல் பட்டையில் என் நெற்றியும் கண்களும். இரண்டாவதில் மூக்கு, மீசை, பற்கள். கூப்பிய கை மீந்துபோன மூன்றாவதில். அதைப் பட்டைகள் சேருமிடத்தில் ஒட்டுப் போட்டு, கம்பியைப் 'ப' மாதிரி வளைத்துக் குத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மூஞ்சி மேல இருக்குதே. கவுத்துப் போடக் கூடாதா?"

"வெள்ளப் பக்கம் மேல இருந்தா வெயிலுக்கு கண்ணு கூசும்."

அதற்கு மேல் நாலு விரல் சவுக்குச் சருகு வரப்போகிறது, எந்த வெயில் எந்தக் கண்ணைக் கூசவைக்கும் என்று வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி யோசித்தேன். பிறகு விளங்கியது. ஒரு தடவை போட்டால் போதும், தினமும் மிதித்துக்கொள்ளலாம். பராமரிப்பே தேவைப்படாத அவமானம். மனைவியிடம் சொன்னேன். "நல்ல மூளதான்," என்றாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

மதாம் வந்த அன்று பன்னிரண்டு பேரும் அவரவர் துண்டருகில் நின்றோம். அன்றைக்குப் பார்த்து பன்னிரண்டு அரைநாள் லீவு போட்டிருந்தது. ஐந்தாம் பாதையில் லேசாக ஒரு பயம் வந்து, செருப்பில் ஒட்டியது முள் இல்லை, கறிவேப்பிலைக் குச்சி என்று தெரிந்து எல்லாரும் மூச்சு விட்டார்கள். கடைசியாக எங்கள் பாதை. மதாம் மெல்ல நடந்து வந்தார். நடுவில் சருகு கொஞ்சம் விலகியிருந்தது போல. அவர் காலுக்கடியில் என் கண்கள் இரண்டும் அவரை அண்ணாந்து பார்த்தன. மதாம் திடுக்கிட்டுக் காலைத் தூக்கினார். "பார்தோன்," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார் என் கண்களிடம். பிறகு குனிந்து, விரலால் சருகைத் தொட்டு, நம் வழக்கப்படி கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மூக்கைத் தாண்டி அகலமாக ஒரு எட்டு வைத்து, பாதை முடிவில் என் தோளையே பிடித்துக்கொண்டு செருப்பைத் திருப்பிப் பார்த்தார். ஒரு முள் இல்லை, ஒரு தூசு இல்லை.

"ரொம்ப அழகான பாதை," என்றார். அப்புறம் பன்னிரண்டின் மொட்டைத் துண்டைப் பார்த்தார். "இது ஏன் இப்படிக் கெடக்குது?"

"உப்பு எறங்கிடுச்சி மதாம். இன்னும் மூணு மழ போனா சரியாயிடும்."

"உப்பா? இங்க ஏது உப்பு?"

பன்னிரண்டு என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னது. "பதினொண்ணு சொல்லுவாரு."

மதாமின் கை இன்னும் என் தோளில் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொட்டினேன் மதாம் என்று மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் ஒருவேளை என் துண்டு போயிருக்கும், அந்த அம்மாவின் துண்டு நின்றிருக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் வேறொன்று வந்து முந்திக்கொள்ளும்.

"கடல் பக்கத்துல இருக்குதே மதாம். காத்து கொண்டாந்து போட்டிருக்கும். பன்னண்டு கிட்ட நிக்க எங்களுக்குத்தான் பயம், கடலுக்கு பயமில்ல போல."

ஏழு சிரித்தாள். நாலு சிரித்தார். பழக்கத்தில் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள். மதாம் சிரிக்கவில்லை. அவருக்கு என் ஜோக் ஒரு தகவலாகப் போய்ச் சேர்ந்தது.

"அப்படியா. கடல் உப்பு ஏறுன மண்ணுன்னா இனிமே அது வெளையாது. பாவம், வேலைக்குப் போயிட்டு வந்து இதுல எதுக்கு கஷ்டப்படணும். தண்ணித் தொட்டி வெக்க ஒரு எடம் பாத்துக்கிட்டு இருந்தேன். இங்கயே வெச்சிடலாம்."

நான் பன்னிரண்டைப் பார்த்தேன். அது வாட்ச்சைப் பார்த்தது.

"சரி," என்றது.

ஒரே ஒரு "சரி". விளக்கம் இல்லை, கெஞ்சல் இல்லை. யார் கொட்டியது என்று அதுவே சொல்லியிருந்தால், நம்புகிறார்களா என்று பார்க்க வேண்டும், நம்பாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும், நான் மறுத்தால் சாட்சிக்கு ஆள் தேட வேண்டும். உண்மையைச் சொல்ல எனக்குக் கொடுக்க வேண்டிய ஒரு தடவையைக் கொடுத்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தல் கயிறுகளை அரிவாளால் அறுத்துச் சுருட்டிக்கொண்டு, தான் போட்ட பாதையிலேயே நடந்து வெளியே போனது. என் கண்ணை மிதித்து, மூக்கை மிதித்து, பற்களை மிதித்து.

ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன், வந்து கத்தும் என்று. வரவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பன்னிரண்டாம் நம்பரில் கறுப்புத் தொட்டி ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றி, யாரும் விதைக்காமலே, மூன்று மழைக்குப் பிறகு கீரை தானாக முளைத்தது. அந்த அம்மா விதைத்ததில் மிச்சம் இருந்திருக்கும். பாதை அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மூட்டை சவுக்குச் சருகு மேலே தூவுவதைத் தவிர நான் அதைத் தொட்டதில்லை. ஒரு கோரை இல்லை. மதாம் ஒவ்வொரு தடவையும் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாதைன்னா பதினொண்ணோட பாதைதான்," என்று மற்றவர்களிடம் சொல்கிறார். நான் கை கூப்பிச் சிரிக்கிறேன், பேனரில் இருக்கிற மாதிரியே. உப்பு விஷயத்தை மதாமிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தால் ஒவ்வொரு முறையும் அது ஒரு ஜோக்காகவே முடிகிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம், முனையில் காய்கறித் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் அதே சீருடைப் புடவை. அதே ஆம்பளை வாட்ச். தட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் திருப்பிக் காம்பைப் பார்த்து, அமுக்கிப் பார்த்து. வண்டிக்காரர் விலை சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் போய் நின்றேன். வாய் தவறி வணக்கம் என்றுவிட்டேன். திரும்பவில்லை.

"அன்னிக்கு மதாம் கேட்டப்ப," என்று ஆரம்பித்தேன், "நான்தான் கொட்டினேன்னு சொல்லியிருக்கணும்மா. சொல்லல. கடல் காத்துன்னு ஒளறிட்டேன். ஒங்க மண்ணு போனது என்னாலதான். மூணு வருஷமா மனசுல கெடக்குது. ஒரு தடவ நல்லா திட்டிடுங்க, வாங்கிக்கறேன்."

ஜோக்கே இல்லாமல் நான் வாழ்க்கையில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பன்னிரண்டு ஒரு சொத்தைக் கத்தரிக்காயை எடுத்துத் தட்டுக்கு வெளியே போட்டது. வாட்ச்சைப் பார்த்தது. பையை எடுத்துக்கொண்டது.

"அதுக்கும் சேத்துதான் அன்னிக்கே திட்டிட்டேன்."